கடற்கரை வரைக்கும் ஒரு சத்தம்

தம்பி ராசா,

இந்தக் கடிதத்தை நான் இரட்டைக்கோட்டுக் கொப்பியில் எழுதுகிறேன். சிரிக்காதே. முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு ‘அ’ எழுதப் பழக்குகிற அதே கொப்பிதான். வெறும் தாளில் எழுதினால் என் எழுத்து முதல் வரியில் கச்சான் கடலை அளவிலும், அடுத்த வரியில் உழுந்து அளவிலும், அதற்கடுத்த வரியில் கடுகு அளவிலும் வந்து நிற்கிறது. இந்த நடுக்குவாத வருத்தம் காலை மட்டுமல்ல, எழுத்தையும் பிடிக்கும் என்று யாழ்ப்பாணத்துக் கிளினிக்கில் முன்னமே சொல்லியிருந்தார்கள். மேலே ஒரு கோடும் கீழே ஒரு கோடும் இருந்தால் எழுத்து அடங்கி ஒடுங்கி ஒரே அளவாக நடக்கிறது. எத்தனையோ பிள்ளைகளை “கோட்டுக்குள்ள எழுதுங்கோ” என்று அதட்டிய ரீச்சருக்கு இது வேண்டியதுதான் என்று நீ நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்துச் சிரித்தேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் ஒரு வசனம் தொடங்கினால் நீ “சரியம்மா, சரியம்மா” என்று அதை முடித்துவைத்துவிடுகிறாய். என் குரலும் இப்போது தணிந்துவிட்டது. அப்பா பக்கத்தில் இருந்து “அம்மா என்ன சொல்லுறா எண்டால்” என்று நான் சொல்லாததை எல்லாம் உனக்குக் கத்திச் சொல்கிறார். ஆகவே இதைக் கடிதமாகவே எழுதித் தபாலில் போடுகிறேன். ஆறுதலாகப் படி. கடைசி வரி வரைக்கும் படித்தபிறகு பதில் சொல்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை நான் மறக்கவில்லை. “இந்தத் தவணை முடியப் படிப்பை விட்டிட்டு வாறன் அம்மா. உங்களுக்கு நடக்க ஏலாமக் கிடக்கு. நான் இஞ்ச ஆராய்ச்சி எண்டு றாலின்ர காலைப் பாத்துக்கொண்டு இருக்கிறன். ஆருக்கு என்ன பிரயோசனம்?” என்றாய். அப்பாவின் முகம் ஒரு கணம் பூரித்ததை நான் பார்த்தேன். பிறகு அவர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பில் சோறு இருக்கிறது என்று சொல்லிப் போனை அவரிடம் கொடுத்துவிட்டேன். அடுப்பில் சோறு இருக்கவில்லை, மகன். ஜேர்மனியில் இருக்கிற மகன் வந்து பக்கத்தில் இருப்பான் என்றால் வேண்டாம் என்று சொல்லுகிற தாய் எங்கே இருக்கிறாள்? எனக்கும் ஆசைதான். அதை மறைத்து எழுதினால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். ஆனால் “ஆருக்கு என்ன பிரயோசனம்” என்று நீ கேட்டாயே, அதற்கு மட்டும் என்னிடம் பதில் இருக்கிறது.

முதலில் என் காலைப் பற்றிச் சொல்கிறேன். நீ போனில் பார்ப்பது என் முகத்தைத்தான், காலை அல்ல. என் காலில் நோ இல்லை. பலமும் இருக்கிறது. கதிரையில் இருந்து எழும்பினால் நேராக நிற்பேன். விறாந்தையால் நடக்கும்போதும் பெரிய தொந்தரவில்லை. ஆனால் குசினி வாசலுக்கு வந்தவுடன் இரண்டு பாதமும் நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். எடு என்று நான் சொல்கிறேன், கால் கேட்பதில்லை. மனம் வாசலைத் தாண்டிப் போய் அடுப்படியில் நின்று அகப்பையைத் தேடுகிறது, கால் இங்கேயே நிற்கிறது. ஒருநாள் அப்படி நின்றபடியே சூடைமீன் குழம்பு அடிப்பிடித்துக் கரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பு எனக்கு ஐந்தாறு அடி தூரத்தில் இருந்தது. மாறி மாறிக் கால் எடுத்துவைக்க ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் பழக்கியவள் நான். என்னை விடு, அந்தக் குழம்பு என்ன பாவம் செய்தது?

அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும். அவருக்கு இந்த உலகத்தில் தெரிந்த ஒரே வைத்தியம் இழுப்பதுதான். கரைவலை இழுத்து வளர்ந்த மனிதர். வலை கடலுக்குள் கிடந்தால் இழு, வள்ளம் மணலில் புதைந்தால் இழு, ஆடு வரமாட்டேன் என்றால் இழு. அதேபோல என் கையையும் பிடித்து இழுத்தார். “வா எண்டால் வாவன், இந்தா நான் பிடிச்சிருக்கிறன்” என்றார். என் உடம்பு போனது, கால் வரவில்லை. முகம் குப்புற விழுந்து மணிக்கட்டு வீங்கிப்போனது. மணிக்கட்டு வாசல் படியில் வழுக்கி வீங்கியது என்று நான் உனக்குச் சொன்னேன் அல்லவா, அது இதுதான். அவர் விட்டாரா? அடுத்த நாள் வலைக் கயிற்றில் ஒரு துண்டை வெட்டிக்கொண்டு வந்து குசினிக்குள் இருக்கிற தூணில் கட்டி, மறு நுனியை என் கையில் தந்தார். நானே என்னை இழுத்துக்கொண்டு போகவேண்டுமாம். கொஞ்ச நேரத்தில் நான் அந்தக் கயிற்றில் வலைக்குள் அகப்பட்ட திருக்கை மாதிரித் தொங்கிக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு மலரக்கா ஓடிவந்து பிடித்தா. பிடித்துவிட்டு, இது கண்ணூறு என்று சொல்லிச் செத்தல் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டா. வீடு முழுக்க இருமியது. கால் மட்டும் அசையவில்லை.

அன்று பின்னேரம் அப்பா முற்றத்தில் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு குந்தியிருந்தார். “எத்தினை பேரோட சேந்து எவ்வளவு பெரிய வலையைக் கரைக்குக் கொண்டந்திருப்பன். உன்னை ஒரு வாசலால கொண்டு போக ஏலேல்லையே எனக்கு” என்றார். அவர் அழுததை நான் பார்த்தது குறைவு. உனக்கு இதெல்லாம் சொல்லவேண்டாம் என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டோம். நீ படிக்கிற பிள்ளை, உன் மனதைக் குழப்பக்கூடாது என்று நினைத்தோம்.

இனி உன் இறாலுக்கு வருகிறேன். நீ பள்ளிக்கூடம் சேர்ந்த புதிதில், நந்திக்கடலில் பட்ட இறாலை அப்பா கொண்டுவந்தால் நான் வளவில் பெரிய கோப்பையை வைத்துக்கொண்டு இருந்து உரிப்பேன். உன்னை உதவிக்கு இருத்தினால் வேலை நடக்காது. உயிரோடு கிடக்கிற ஒன்றைத் தேடி முதுகில் பிடித்துத் தூக்கி, வயிற்றைப் பார்ப்பாய். வயிற்றுக்கு அடியில் சின்னச் சின்னத் துடுப்புகள் போல வரிசையாகக் கால்கள், ஒன்றன்பின் ஒன்றாக, வயலில் காற்று ஓடுவது மாதிரி அடித்துக்கொண்டிருக்கும். “அம்மா, எந்தக் கால் முதல் அடிக்கவேணும் எண்டு இதுக்கு ஆர் சொல்லுறது?” என்று கேட்டாய். “அதுக்கும் ஒரு அம்மா இருப்பா, அவ சொல்லுவா. நீ உரி” என்றேன். உனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஜாம் போத்தலுக்குள் ஒரு இறாலை விட்டு அதைச் சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து வைத்தாய். அப்பா சோறு தின்றுகொண்டு, “இவன் கறியோட கதைக்கிறான்” என்றார். அந்தக் கேள்வியைத்தான் கடல் கடந்துபோயும் நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று எனக்கு அண்மையில்தான் விளங்கியது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நீ மூன்றாம் வகுப்பில் இருந்த அந்த வருடம், முள்ளிவாய்க்கால் பக்கமாக நாங்கள் நடந்தது உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. அப்பா தலையில் மூட்டையோடு முன்னால், நீ நடுவில், நான் கடைசியில். நீ களைத்துப்போய் இனி நடக்கமாட்டேன் என்று அழுதாய். தூக்க எங்கள் இரண்டு பேரிடமும் தெம்பு இல்லை. நான் உன் காதுக்குள் சொன்னேன்: “ரோட்டைப் பாக்காத ராசா. அப்பாவின்ர குதியைப் பார். அது எழும்பேக்க நீயும் எழுப்பு.” நீ அழுதபடி அவருடைய குதியைப் பார்த்து நடந்தாய். நான் உன் குதியைப் பார்த்து நடந்தேன். அப்பா தனக்கு முன்னால் போன சைக்கிளின் சில்லைப் பார்த்துக்கொண்டு நடந்ததாகப் பிறகு சொன்னார். ரோட்டு எங்கே போகிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்த நாட்களைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு விருப்பமில்லை. நீ உயிரோடு நடந்து வந்தாய், அது போதும்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். சித்திரை வருடப் பிறப்புக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பின்னேரம். அப்பா கடற்கரையில். நான் தேத்தண்ணி போடலாம் என்று போனையும் கையில் பிடித்தபடி உன்னோடு கதைத்துக்கொண்டு நடந்தேன். வாசலில் கால் நின்றுவிட்டது. உனக்குத் தெரியக்கூடாது என்று நான் நின்ற நிலையிலேயே கதையை நீட்டிக்கொண்டிருந்தேன். விசுவமடுவில் மிளகாய் விலை, மலரக்காவின் மாடு கன்று போட்டது, எல்லாம் சொன்னேன். நீ உன் வேலை அறையில் இருந்தாய். உனக்குப் பின்னால் இருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. கிர்ர்… கிர்ர்… கிர்ர்… மணல் முற்றத்தை யாரோ ஒரே அளவாகக் கூட்டுவது மாதிரி.

“என்ன தம்பி சத்தம்? ஏதும் பொரிக்கிறியோ?” என்று கேட்டேன்.

“இல்லையம்மா, இது நான் சொல்லுற அந்த ஆத்து றாலின்ர நரம்பு. அது நீந்திக்கொண்டிருக்கு.”

“எங்க நீந்துது? காட்டு பாப்பம்.”

“உண்மையில நீந்தேல்லை. உடம்பே இல்லை. நரம்பை மட்டும் எடுத்து ஒரு கண்ணாடித் தட்டில உப்புத் தண்ணிக்குள்ள வச்சிருக்கிறன். காலும் இல்லை, தலையும் இல்லை. ஆனா கால் இருந்தால் எந்த நேரம் அடிக்கச் சொல்லுமோ, அந்த நேரம் சரியாச் சொல்லிக்கொண்டிருக்கு. அந்தச் சேதியைத்தான் ஸ்பீக்கரில கேக்கிறியள்.”

“தலை இல்லாமலோ?”

“ஓம் அம்மா. தலை இல்லாமல்தான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இங்கே தலையும் காலும் முழுதாக இருக்கிற ஒருத்தி வாசலில் நிற்கிறாள், அங்கே தலையும் காலும் இல்லாத ஒன்று நீந்துகிறது. சிரித்துக்கொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்டேன். ஒரு கிர்ருக்கு என் வலது கால் எழும்பியது. அடுத்ததற்கு இடது கால். நான் எடு என்று சொல்லவில்லை. அது தானாக எழும்பியது. மூன்றாவது நான்காவது அடியில் நான் அடுப்புக்கு முன்னால் நின்றேன். போன் கையில் சரிந்து போயிருந்தது.

“அம்மா, ஏன் முகட்டைக் காட்டுறியள்?” என்றாய்.

“நான் குசினிக்குள்ள நிக்கிறன் தம்பி.”

“அதுக்கென்ன?” என்றாய்.

அதுக்கென்ன என்று உனக்கு எப்படித் தெரியும்? நாங்கள்தான் ஒன்றும் சொல்லவில்லையே. அன்றைக்குத்தான் நான் எல்லாவற்றையும் உனக்குச் சொன்னேன், அப்பா இழுத்து விழுந்ததையும் கயிற்றில் தொங்கியதையும் தவிர. நீ பெரிய டொக்டர் மாதிரி எச்சரிக்கை சொன்னாய். “அம்மா, இது மருந்தில்லை. ஒரு தாளம் கேட்டால் இந்த வருத்தக்காரரின்ர கால் எடுபடுறது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தான். கை தட்டினாலும் நடப்பியள். றாலுக்கும் உங்கட காலுக்கும் நேரடியாச் சம்பந்தம் இல்லை. டொக்டர் தந்த குளிசையை விட்டிடாதேங்கோ” என்றாய். விடவில்லை. நேரம் தவறாமல் போடுகிறேன். கைதட்டிப் பார்த்தோம், பாட்டுப் போட்டுப் பார்த்தோம், அவற்றுக்கும் நடந்தேன்தான். ஆனால் பாட்டில் சொல் வருகிறது, சொல் வந்தால் என் மனம் அதற்குப் பின்னால் போய்விடுகிறது, கால் திரும்பவும் ஒட்டிக்கொள்கிறது. உன் இறாலின் சத்தத்தில் சொல் இல்லை. நீ அதைப் பதிந்து அனுப்பினாய். மலரக்காவின் மகள் அதை என் போனில் ஏற்றித் தந்தாள். இப்போது நான் குசினிக்குப் போவது ஊருக்கே கேட்கும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நீ அப்பாவுக்கும் எனக்கும் பாடம் எடுத்தாய். அந்தப் பாடங்களுக்கு நான் உனக்கு எப்போதாவது நன்றி சொன்னேனா? இப்போது சொல்கிறேன். அப்பா முற்றத்தில் அறுந்த வலைக் கண்ணை ஊசியால் பொத்திக்கொண்டு, காதை மட்டும் போனுக்குக் கொடுத்துக்கொண்டு இருப்பார். அந்த இறாலின் வயிற்றில் ஒவ்வொரு கணுவிலும், ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சின்ன நரம்புக் கூட்டம் இருக்கிறது, தன் காலை எப்போது முன்னுக்கு எடுப்பது, எப்போது பின்னுக்கு அடிப்பது என்று அதற்குத் தானாகவே தெரியும் என்று நீ சொன்னாய். உடனே அப்பா கேட்டார்: “அப்ப இதுக்கெல்லாம் சம்மாட்டி ஆர்?” கரைவலைக்காரருக்கு வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. நீ சிரித்துக்கொண்டு, “சம்மாட்டி இல்லையப்பா. தொடங்கு எண்டு தலையில இருந்து ஒரு சேதி வரும். அதுக்குப் பிறகு ஆர் எப்ப அடிக்கிறது எண்டதை அவையள் தங்களுக்குள்ள பாத்துக்கொள்ளுவினம்” என்றாய். ஒவ்வொரு கணுவில் இருந்தும் பக்கத்துக் கணுக்களுக்கு மெல்லிய நரம்பு போகிறது, ‘நான் இப்போது அடிக்கத் தொடங்கிவிட்டேன், இவ்வளவு பலமாக அடிக்கிறேன்’ என்ற சேதி அதன் வழியாகப் போகிறது, அதைக் கேட்டு அடுத்த கணு தன் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது என்று சொன்னாய். நடுவில் வெட்டிவிட்டால் இரண்டு பக்கமும் அடிப்பதை நிறுத்தாது, ஆனால் ஒன்றுக்கொன்று சேராமல் தன்பாட்டுக்கு அடிக்கும் என்றும் சொன்னாய்.

அப்பாவுக்கு விளங்கிவிட்டது. “அது எங்கட கயிறு மாதிரி. பக்கத்தில நிக்கிறவன் எப்பிடி இழுக்கிறான் எண்டு கயிறு கைக்குச் சொல்லும்” என்றார். அவர் சொன்னதற்கு நீ ஓம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நீ அப்படிப்பட்டவன் இல்லை. “இல்லையப்பா, அதில ஒரு வித்தியாசம் இருக்கு. கயிறு சேதியும் சொல்லும், இழுக்கவும் செய்யும். நரம்பு இழுக்காது. ஒரு கால் மற்றக் காலை இழுத்துக்கொண்டு போறதில்லை. நான் அடிக்கிறன் எண்டு சொல்லும், அவ்வளவுதான். மற்றது தன்ர பலத்திலதான் அடிக்கும்” என்றாய்.

அப்பா ஊசியைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த நாள் காலை நான் வாசலில் நின்றபோது அவர் வந்து என் கையைப் பிடிக்கவில்லை. கயிற்றையும் அவிழ்த்து எடுத்துவிட்டிருந்தார். எனக்குப் பக்கத்தில், தோளோடு தோளாக, என்னைப் போலவே வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கரைவலை இழுக்கும்போது இழுக்கிறதுக்கு இசைவாகப் போடுகிற அம்பாப் பாட்டை, சொல்லை விட்டுவிட்டு வெறும் சத்தமாக, மெதுவாகத் தொண்டைக்குள் போட்டார். தன் காலைத் தூக்கினார். என் காலும் எழும்பியது. இரண்டு பேரும் சேர்ந்து குசினிக்குள் போனோம். அந்த வாசல் ஒரு ஆளுக்கு அளவானது, நாங்கள் இடித்துக்கொண்டுதான் போனோம். “நான் உன்னை இழுக்கேல்லை, பாத்தியோ?” என்றார், பள்ளிக்கூடத்தில் முதலாம் பிள்ளை வந்தது மாதிரி.

கலியாணம் முடித்த நாளில் இருந்து என்னை அன்போடு இழுத்துக்கொண்டு திரிந்த மனிதர், மகன். எந்த ஊருக்குப் போவது, எந்தக் கொட்டிலில் இருப்பது, எல்லாம் அவர் முன்னால் போக நான் பின்னால் வருவதுதான். அதில் எனக்குக் குறை இருந்ததில்லை. ஆனால் இந்த வயதில் அவர் என் பக்கத்தில் வந்து நிற்கிறார். குசினி வாசலில் நின்று நான் சிரிப்பதை மலரக்கா வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, “புதுசாக் கட்டினதுகள் மாதிரி” என்று நக்கலடிக்கிறா. அடிக்கட்டும். இந்த வருத்தம் எனக்கு வந்திருக்கக்கூடாதுதான். வந்ததோடு இதுவும் வந்தது. நான் நன்றியோடு இருக்கிறேன். உனக்கு, அப்பாவுக்கு, உன்னை நம்பி அந்த அறையைத் தந்த உன் பேராசிரியைக்கு, மிளகாய் சுற்றிய மலரக்காவுக்குக்கூட. அந்தத் தட்டில் கிடந்த ஆற்று இறாலுக்கும்தான். அதை நீ நோகாமல் எடுத்தாய் என்று நம்புகிறேன்.

அந்தப் பாடங்களில் ஒன்று என் மனதை விட்டுப் போகவில்லை. இறாலின் கால்கள் அடிக்கிற அந்த அலை தலைப்பக்கம் தொடங்குவதில்லை, வால்பக்கத்தில் இருக்கிற கடைசிச் சோடிக் கால்தான் முதலில் அடிக்கும், பிறகு அதற்கு முன்னால் இருக்கிறது, பிறகு அதற்கும் முன்னால் என்று ஏறிக்கொண்டு போகும் என்றாய். வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் அந்த வரிசை மாறாதாம். நான் அப்போது அந்த வருடத்து முள்ளிவாய்க்கால் நடையைப் பற்றி உன்னிடம் கதை எடுத்தேன். கடைசியில் வந்ததால் நான்தான் உங்கள் இரண்டு பேரையும் தாமதப்படுத்தினேன் என்று இத்தனை காலமும் எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது. நீ சொன்னாய்: “இல்லையம்மா. நீங்கள் பின்னால இருந்து ‘நட, நட’ எண்டு சொல்லிக்கொண்டே வந்தனீங்கள். நீங்கள் சொன்னாப் பிறகுதான் நான் கால் எடுத்தனான். என்ர கால் சத்தம் கேட்டாப் பிறகுதான் அப்பா எடுத்தவர்.” உண்மையோ, அம்மாவின் மனதுக்காகச் சொன்னாயோ, நான் கேட்கவில்லை. அன்று இரவு நல்ல நித்திரை வந்தது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஆருக்கு என்ன பிரயோசனம்? நீ கண்டுபிடிப்பது என் வருத்தத்தை மாற்றாது என்று நீயே சொல்லிவிட்டாய். நானும் எதிர்பார்க்கவில்லை. என் கால் இன்னும் மோசமாகும் என்றும் எனக்குத் தெரியும், டொக்டர் ஒளிக்கவில்லை. நீ வந்து பக்கத்தில் இருந்தால் என்ன செய்வாய் என்று யோசித்துப் பார்த்தேன். கையைப் பிடிப்பாய். அன்போடுதான் பிடிப்பாய். அப்பா இப்போதுதான் கஷ்டப்பட்டு விட்ட பழக்கத்தை நீ தொடங்கப்போகிறாய். அதோடு, என்னால் நீ விட்டுவிட்டு வந்தாய் என்ற நினைப்பு எனக்கு ஒவ்வொரு வாசலிலும் இன்னொரு படி போலக் கிடக்கும். தாண்டுகிற படிகளே எனக்குப் போதும், ராசா. படிப்பில் உனக்கு விருப்பம் விட்டுப்போயிருந்தால் அது வேறு கதை. அப்படியானால் நாளைக்கே வா, புட்டும் இறால் குழம்பும் வைத்துத் தருகிறேன், ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன். ஆனால் விருப்பம் விட்டுப்போன பிள்ளை ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்பாவுக்கு நரம்பைப் பற்றி வகுப்பு எடுக்கமாட்டான்.

நீ தூரத்தில் இருக்கிறாய் என்று உனக்குக் குற்ற மனம். எங்களுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நிற்கிறாய், உண்மைதான். ஆனால் அங்கிருந்து நீ ஏதோ ஒன்றைத் தொடங்கினாய், அது இங்கே என் காலுக்கு வந்தது, என் காலில் இருந்து அப்பாவுக்குப் போனது. இதைவிட வேறு பிரயோசனம் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஒரு உதவி மட்டும் வேண்டும். நீ பதிந்து அனுப்பிய சத்தத்தைப் போட்டுக்கொண்டு நான் இப்போது குசினிக்கும் கிணற்றடிக்கும் மட்டுமல்ல, வேலிப் படலையைத் தாண்டி ஒழுங்கையால் உப தபாற்கந்தோர் வரைக்கும் போகிறேன். இந்தக் கடிதத்தையும் நானே கொண்டுபோய்த்தான் போடப்போகிறேன். தபாற்கந்தோர் வாசலில் சத்தம் முடிந்துவிடும். அங்கே கிடக்கிற மர வாங்கில் குந்தியிருந்து இளைப்பாறிவிட்டு, திரும்பவும் முதலில் இருந்து போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவேன். ஆனால் கடற்கரை அதற்கும் அப்பால். கால் ஒட்டத் தொடங்கிய நாளில் இருந்து நான் கடலைப் பார்க்கவில்லை. முன்பு வலை கரைக்கு வருகிற நேரம் பார்த்து அப்பாவுக்குப் பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுபோவேன். இப்போது அவர் காலையில் தானே ஊற்றிக் கொண்டுபோய், ஆறிப்போனதைக் குடிக்கிறார். அதே சத்தத்தைத் திருப்பித் திருப்பி ஓடவிடலாம் என்று மலரக்காவின் மகள் செய்து காட்டினாள். செய்து பார்த்தோம். முடிந்து திரும்பத் தொடங்குகிற இடத்தில் அது ஒரு கணம் நிற்கிறது. அந்த ஒரு கணத்தில் என் காலும் நின்றுவிடுகிறது, நடு ஒழுங்கையில்.

ஆகவே எனக்கு நீளமான ஒன்று வேண்டும், தம்பி. இடையில் நிற்காமல், எங்கள் படலையில் இருந்து கடற்கரை வரைக்கும் போதுமானதாக. அதை அந்த அறையில் இருந்துதான் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். நாளைக்கு அங்கே போ.

அம்மா